ஊரில் இல்லாதவருக்குச் சாப்பாடு

டோக்கியோ, நெரிமா
மார்ச் 12, 1984

அன்புள்ள சுமியே அக்காவுக்கு, தம்பி நோரி எழுதுவது. இங்கே பிளம் பூவெல்லாம் உதிர்ந்து, காற்றில் குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. நான் சௌக்கியம். கெசென்னுமாவில் இன்னும் பனிதானா? உன் இடுப்பு வலி எப்படி? அத்தானின் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது?

நீ அனுப்பிய பெட்டி வந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு, "சார், உள்ள ஏதோ செத்துக் கிடக்குது போல" என்றார். ஆசாரா டப்பா வழியில் திறந்துகொண்டிருக்கிறது. புளித்துப்போன முட்டைக்கோஸ் ஊறுகாயை மீன் தலையோடு சாராய வண்டலில் போட்டு வேகவைத்தது, நம் ஊரில் இதற்கு அடிதடி என்றால் நம்பவா போகிறார்? மூன்று வேளையும் அதையே சாப்பிட்டேன். பக்கத்து அறைக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மங்கா படக்கதை சரியாகப் போகவில்லை. பத்திரிகையின் கடைசியில் ஒரு அஞ்சல் அட்டை இருக்குமே, பிடித்த கதைகளை எழுதி அனுப்பச் சொல்லி, அதை வைத்துத்தான் எந்தத் தொடர் இருக்கும், எது போகும் என்று முடிவு செய்கிறார்கள். என் "துறைமுகச் சாப்பாட்டுக் கடை" வாலில் கிடக்கிறது. எடிட்டர் ஹாசுனுமா சார் நல்ல மனிதர், ஆனால் வாயில் வெல்லம் கிடையாது. "உங்க மீனைப் பாத்தா பசிக்குது. உங்க கடைக்காரி தொமேயைப் பாத்தா ஒண்ணுமே தோணல. ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடறா. கடையைச் சாத்திட்டு அவ என்னத்தச் சாப்பிடுவா?" என்று கேட்டார்.

தொமே யாரென்று உனக்குத் தெரியும். அவள் ஏப்ரன் கட்டுகிற விதம் முதற்கொண்டு உன்னைப் பார்த்துத்தான் வரைகிறேன். அதனால் கேட்கிறேன். சந்தைக் கடையில் எல்லாருக்கும் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தபிறகு, தனியாக நீ என்ன சாப்பிடுகிறாய்? கோடைக்குள் ஏதாவது நடக்காவிட்டால் தொடரை நிறுத்திவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி நோரிஹிக்கோ


கெசென்னுமா
ஏப்ரல் 5

நோரிக்கு அக்கா எழுதுவது. மலை உச்சியில் மட்டும்தான் பனி மிச்சம். இடுப்பு வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேரும் பழகிக்கொண்டோம். நீ இளைத்திருப்பாய். கேட்டால் இல்லை என்பாய்.

தனியாக என்ன சாப்பிடுகிறேன் என்று சமையல் மங்கா வரைகிறவன் கேட்கிற கேள்வியா இது? அரிசியைச் சோப்புப் போட்டுக் கழுவிய ஆள்தானே நீ. சரி, சொல்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கிடையாது. இப்போது கடற்பாசியின் அடிப்பக்கம் நல்லதாகக் கிடைக்கிறது. கொதிக்கிற நீரில் காட்டினால் பழுப்பு நிறம் சட்டென்று பச்சையாகிவிடும். அதைப் பொடியாக நறுக்கினால் வழுவழுவென்று நூல் விடும். சோயா விட்டுச் சூடான சோற்றில் கொட்டிக்கொண்டால் வேறு குழம்பு வேண்டாம். சில நாள் வறுத்த கணவாய். மிசோ சூப் தினமும்.

ஆனால் முதலில் அவர் தட்டை வைத்துவிடுவேன். கப்பல் கிளம்பிய நாளிலிருந்து தினமும் காலையில் வைக்கிறேன். சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் இடத்தில், அவர் கிண்ணத்தில் சோறு, மூடிபோட்டுச் சூப், அன்றைக்கு என்ன செய்தேனோ அது. கடலில் அவருக்குப் பசிக்கக் கூடாது, அவ்வளவுதான். கப்பலுக்கு ஆளை அனுப்பிய எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதை நானே சாப்பிட்டுவிடுவேன். ஆக, உன் கேள்விக்குப் பதில், உன் அக்கா தினமும் ஆறிப்போன சூப் குடிக்கிறாள். உன் தொமேயையாவது சூடாக ஏதாவது குடிக்கச் சொல்.

உன் அத்தானிடமிருந்து புத்தாண்டுக்குப் பிறகு கடிதம் இல்லை. வந்தாலும் என்ன, "நலம். மீன் சுமார்" என்று இருக்கும். ஹோரின் மாரு ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிடுவார் என்கிறார்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள், அவர் நடுவில் வேறு கப்பலுக்கு மாறிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போய்விட்டார். வீட்டில் இருப்பதைவிட அவருக்கு அங்கேதான் சௌகரியம் போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


டோக்கியோ, நெரிமா
மே 20

அன்புள்ள அக்கா, இங்கே இளவேனில் முடிந்து வேர்க்கத் தொடங்கிவிட்டது. உன் இடுப்புக்கு வெயில் நல்லது என்று நினைக்கிறேன். நான் சௌக்கியத்துக்கும் மேலே இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அத்தானுக்கு நீ வைக்கிற தட்டை வரைந்துவிட்டேன். தொமேயின் புருஷனும் மீன்பிடிக் கப்பலுக்குப் போனவன் என்று வைத்துக்கொண்டேன். கடையைத் திறக்கும் முன் அவள் தட்டு வைக்கிறாள், கை கூப்புகிறாள், பிறகு ஆறின சூப்பைத் தனியாகக் குடிக்கிறாள். வசனமே கிடையாது. சூப்பிலிருந்து எழும் ஆவியைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், நிழலுக்காகப் படத்தின் மேல் ஒட்டுகிற புள்ளித்தாள் கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் ஊதுவத்திப் புகை. ஆவியும் புகையும் ஒரே கட்டத்தில், இரண்டும் வேறு வேறு மாதிரி வளைகின்றன. என் வாழ்க்கையில் நான் வரைந்ததில் இதுதான் உருப்படி.

அட்டைகள் மூட்டையாக வந்திருக்கின்றன. வாலில் கிடந்தவன் மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். ஹாசுனுமா சார் போனில், "அழுதுட்டேன்யா, ரயில்ல வச்சு" என்றார். நான் வெளியே போய் விலாங்கு மீன் சோறு சாப்பிட்டேன், அதுவும் விலை கூடின பெரிய பெட்டி.

பத்திரிகையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எல்லாம் உன் புண்ணியம். படித்துவிட்டு எழுது.

தம்பி நோரிஹிக்கோ


கெசென்னுமா
ஜூன் 8

நோரிக்கு, மழைக்காலம் வந்துவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ விலாங்கு சாப்பிட்டதில் சந்தோஷம்.

பத்திரிகை வருவதற்கு முன்பே மீன்கடை கட்சுயோ கொண்டுவந்து காட்டிவிட்டாள். உன் படம் அழகாக இருக்கிறது. அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் கொஞ்ச நேரம் எதுவும் உறைக்கவில்லை.

தட்டை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்? முன்னோர் பீடத்தின் முன்னால். அம்மா அப்பா படத்துக்குக் கீழே. கால் வைத்த சின்னக் கிண்ணத்தில் சோறு குவித்து, ஊதுவத்தி கொளுத்தி. நான் சாப்பாட்டு மேசை என்று எழுதவில்லையா? அவர் உட்காரும் இடத்தில் என்று எழுதவில்லையா? அது செத்தவர்களுக்கு வைக்கிற இடம், நோரி. நான் அவருக்குச் சாப்பாடு வைக்கிறேன், நீ அவருக்குப் படையல் போட்டுவிட்டாய்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவுக்கு நான் தினமும் வைத்ததைப் பார்த்து வளர்ந்தாய். தட்டு என்றால் உனக்கு அதுதான் ஞாபகம் வரும். புகையும் ஆவியும் சேர்ந்தால் படம் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருப்பாய். எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஊரில் எல்லாருக்கும் தொமே யாரென்று தெரியும். ஹோரின் மாருவின் எஞ்சினியருடைய அம்மா மழையில் குடைகூட இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை. "சுமியே, உண்மையைச் சொல்லு. கம்பெனியிலருந்து உனக்கு மட்டும் ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை அம்மா, என் தம்பிக்குப் புத்தி இல்லை, வேறொன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு கப்பல்காரர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

அடுத்த தடவை வரையும்போது சரிபண்ணிவிடு. தட்டை எடுத்து மேசையில் வை. அவ்வளவு போதும்.

சூரை மீன் வந்துவிட்டது. கனலில் மேல்தோலை மட்டும் வாட்டி, பூண்டு வைத்துச் சாப்பிட்டேன்.

அக்கா


டோக்கியோ, நெரிமா
ஜூன் 22

அக்கா, இங்கேயும் மழைதான். என் சௌக்கியத்தைக் கேட்காதே. நீ வீடு வீடாகப் போய்க் குனிந்தாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடு. எஞ்சினியரின் அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராக எழுதிவிடுகிறேன். அட்டை அனுப்பியவர்கள் எல்லாம் அழுதது எதற்காக என்று இப்போதுதான் தெரிகிறது. புருஷன் செத்துவிட்டான், தொமே அதை ஒத்துக்கொள்ளாமல் தினமும் சோறு வைக்கிறாள் என்று படித்திருக்கிறார்கள். பீடத்தைப் பார்த்தால் வேறெப்படிப் படிப்பார்கள்? அதுதான் மூன்றாம் இடம். நான் செய்த தப்புக்குக் கிடைத்த இடம்.

ஹாசுனுமா சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கங்களை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு, "தப்பா வரைஞ்சீங்களோ சரியா வரைஞ்சீங்களோ, ஜனங்க அந்த ஆளை ஏற்கெனவே அடக்கம் பண்ணிட்டாங்க. இனி தட்டைத் தூக்கி மேசையில வச்சா ஏமாத்திட்டோம்னு நினைப்பாங்க. கப்பல் மூழ்கினதைக் காட்டுங்க. தொமே கடைசியில அதை ஒத்துக்கறா. அதோட இந்தத் தொடர் எங்கயோ போயிடும்" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை அக்கா. அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

கதையில் வருகிறவனுக்கு வேறு பெயர். கப்பலுக்கும் வேறு பெயர். ஆனாலும் நீ சொல்லாமல் நான் வரையமாட்டேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

உன் தம்பி
நோரிஹிக்கோ


கெசென்னுமா
ஜூலை 18

நோரிக்கு, வெயில் கடுமையாக இருக்கிறது. நீயும் தலையில் துணி போட்டுக்கொண்டு வெளியே போ.

பதில் தாமதமாகிவிட்டது. அது உன் தொழில், உன் பிழைப்பு. உனக்கு எது சரியென்று படுகிறதோ அப்படி வரைந்துகொள். என்னைக் கேட்க வேண்டாம்.

கடையில் வேலை அதிகம். நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா


டோக்கியோ, நெரிமா
செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா, சில்வண்டுச் சத்தம் குறைந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தேன், நீ லீவு என்றார்கள். உன் ஆயுசில் நீ லீவு போட்டு நான் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா?

வரைந்துகொள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள்கணக்காகத் திரிந்தேன். அனுமதி கிடைத்துவிட்டது, பேனாவை எடுக்க வேண்டியதுதான். கப்பல் மூழ்குவதைப் பென்சிலில் போட்டும் விட்டேன். நன்றாகத்தான் வந்தது, அதுதான் கொடுமை. ஆனால் திரும்பத் திரும்ப உன் கடிதத்தைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அதில் சாப்பாடே இல்லை. திட்டினாலும், அழுதாலும், அப்பா செத்த வருஷம்கூட, அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று எழுதாமல் நீ எனக்குக் கடிதம் போட்டதில்லை. நீ சாப்பிடவில்லை என்று தோன்றியது. என் கை ஓடவில்லை.

பென்சில் போட்டதை அழித்துவிட்டேன். போன இதழில் வந்துவிட்டது, பார்த்தாயோ என்னவோ. தொமே தட்டு வைத்துக் கை கூப்பப் போகிறவள் நிறுத்திவிடுகிறாள். பீடத்தின் முன்னாலிருந்து தட்டைத் தூக்கி, "மன்னிச்சுக்கோம்மா, இது உனக்கில்ல, அவருக்கு" என்று சொல்லி மேசைக்குக் கொண்டுபோகிறாள். சோற்றை அவன் கிண்ணத்துக்கு மாற்றுகிறாள். சாப்ஸ்டிக்ஸை அவன் கைக்கு எட்டுகிற பக்கம் வைக்கிறாள். "உசிரோட இருக்கற ஆளுக்கு ஊதுவத்தி எதுக்கு" என்று அணைத்துவிடுகிறாள். முழு அத்தியாயமும் அதுதான். மேசை வரைக்கும் நடந்துபோவதற்கே பல பக்கம் எடுத்துக்கொண்டேன்.

ஹாசுனுமா சார் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அட்டை வராது" என்றார். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

ஒரு வரியாவது எழுது.
நோரிஹிக்கோ


கெசென்னுமா
அக்டோபர் 1

நோரிக்கு, சாமந்தி பூக்கத் தொடங்கிவிட்டது. நான் சௌக்கியம். உன்னைத் தவிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள். இப்போது சொல்லலாம், அதனால் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் ஹோரின் மாருவின் ரேடியோ நின்றுபோனது. அந்தப் பக்கம் பெரிய புயல் என்றார்கள். தினமும் வரவேண்டிய தகவல் வரவில்லை. கம்பெனி எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு அறையில் உட்காரவைத்து, தேடச் சொல்லியிருக்கிறோம் என்றது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கிடந்தது, கப்பலை மூழ்கவிடட்டுமா என்று.

உன் மேல் கோபம் வந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் வந்தது. ஆனால் உன் கடிதத்தில் எழுதியிருந்தது உன் பிழைப்பு. நான் வேண்டாம் என்றால் நீ நிறுத்திவிடுவாய், அதுவும் தெரியும். அதனால் அப்படி ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நீ சொன்னது சரி. நான் சாப்பிடவில்லை. அவர் தட்டை மட்டும் வைத்தேன். அதை எடுத்துச் சாப்பிட முடியவில்லை, சாப்பிட்டால் அவர் பங்கைப் பிடுங்குவது போல இருந்தது. கீழே கொட்டவும் மனசில்லை. எஞ்சினியரின் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவளும் அவள் மகன் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தெருவில் நின்று மாற்றிக்கொண்டோம். அழுதுகொண்டே சாப்பிட்டோம், உப்பு கரித்தது.

ஜூலை முடியும் முன் வேறு கப்பல் ஒன்று அவர்களைப் பார்த்துவிட்டது. ரேடியோ கம்பம்தான் முறிந்திருக்கிறது, ஆள் எல்லாரும் பத்திரம். அன்றைக்குக் கடையில் விழுந்துவிட்டேன். இடுப்பு. அதுதான் அந்த லீவு. படுத்துக் கிடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் அத்தியாயத்தைப் பார்த்தேன். கட்சுயோதான் கொண்டுவந்தாள். "உன் தம்பி மேசைக்குப் போறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கறான் பாரு" என்று சிரித்தாள். அன்றைக்குக் கதவு திறக்காத அந்த வீட்டு அம்மா இன்றைக்கு எனக்கு ஒரு கூடை சிப்பி கொடுத்தனுப்பினாள். வறுத்துச் சாப்பிட்டேன்.

குளிர் வருகிறது, போர்த்திக்கொண்டு வரை.
அக்கா


லாஸ் பால்மாஸ் துறைமுகம்
நவம்பர் 3

மச்சான் நோரிஹிக்கோவுக்கு, யோஷினாரி எழுதுவது. நலம். மீன் சுமார்.

இதோடு நிறுத்துவதுதான் என் வழக்கம். இன்றைக்கு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் எண்ணெய்க் கப்பல் எங்களுக்குப் பழைய பத்திரிகைக் கட்டு கொண்டுவந்தது. உங்கள் கதையை எங்கள் ஆட்கள் படிப்பார்கள், சாப்பாட்டுப் படம் பார்த்தால் பசி அடங்கும் என்று. மே மாதப் பத்திரிகை கைமாறிக் கைமாறி என்னிடம் வருவதற்குள் கப்பலுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. "ஏப்பா, உன் பொண்டாட்டி உன்னைச் சாமியாக்கிட்டா" என்றான் ஒருத்தன். சமையல்காரர் கொமாகி என் சோற்றைக் குவித்து வைத்து, முன்னால் சிகரெட்டைக் கொளுத்தி வைத்தார். வேலை நேரத்தில், செத்தவர்களைச் சொல்வதுபோல, "புத்தரே, கயிறை இழும்" என்று கூப்பிடுவார்கள். புயலில் கம்பம் முறிந்த கப்பலில் அப்படிச் சிரித்தால்தான் உண்டு. நானும் சிரித்தேன்.

ஆனால் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மச்சான், எனக்கு அப்படி ஒரு தட்டு வைக்கிறார்கள் என்பதே தெரியாது. என் அம்மா என் அப்பாவுக்கு வைத்திருப்பாள், மற்ற வீடுகளில் வைப்பார்கள், தெரியும். எனக்கு வைக்கிறாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நான் வீட்டில் இருந்தால் அது இருக்காது. அது இருக்கிற நாளில் நான் இருக்கமாட்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பாதிக்கு மேல் கடலில் கழித்திருக்கிறேன், இத்தனை தட்டில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. அவளும் சொன்னதில்லை. நான் வீட்டுக்குப் போனால் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு நான் ஒரு இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கப்பலைத் தேடுவேன்.

இங்கே வந்ததும் ஆகஸ்ட் பத்திரிகை கிடைத்தது. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போவதைப் பார்த்தேன். மே மாதப் பத்திரிகையை மறுபடி பிரித்து, அவள் ஆறிப்போன சூப்பைத் தனியாகக் குடிப்பதைப் பார்த்தேன். மேல்தளத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். அதற்குப் பிறகு யாரும் என்னைப் புத்தரே என்று கூப்பிடவில்லை.

இங்கே இன்னொரு கப்பலுக்கு ஆள் வேண்டும் என்று கேப்டன் என் பெயரைக் கொடுத்திருந்தார். இன்னும் ஒரு வருஷம். போய் என் பெயரை அடித்துவிட்டு வந்தேன். பிப்ரவரியில் வீட்டுக்கு வருகிறேன். சுமியேயிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்கள் பேனாவுக்குக் குறை வராமல் இருக்கட்டும்.
யோஷினாரி


டோக்கியோ, நெரிமா
டிசம்பர் 20

அன்புள்ள அக்கா, வருஷக் கடைசி வந்துவிட்டது. நான் சௌக்கியம். குளிரில் உன் இடுப்பைக் கவனித்துக்கொள். புத்தாண்டுக்கு ஊருக்கு வர முடியாது போலிருக்கிறது, வேலை நிறைய. மங்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறேன், புதிய கதை யோசிக்க வேண்டும் அல்லவா? இடையில் ஒரு பலசரக்குக் கடையின் நோட்டீசுக்கு முள்ளங்கியும் வெங்காயமும் வரைந்து கொடுக்கிறேன். முள்ளங்கி வரைவது சுலபமில்லை, தெரியுமா?

பெட்டி எதுவும் அனுப்பாதே, இங்கே எல்லாம் கிடைக்கிறது.

தம்பி நோரிஹிக்கோ


கெசென்னுமா
பிப்ரவரி 24, 1985

நோரிக்கு, வாசல் பனியை இந்தத் தடவை நான் வாரவில்லை, உன் அத்தான் வாருகிறார். அதனால் என் இடுப்பு சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் பொய்தான் எழுதுவாய்.

நவம்பர் இதழில் "முற்றும்" என்று போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? கடைசிப் பக்கத்தில் தொமே கடையைத் திறந்து வாசல் திரையை மாட்டிவிட்டுச் சிரிக்கிறாள், ஓரத்தில் பொடி எழுத்தில் முற்றும். இவ்வளவு நாளாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ எனக்காக விட்டாய் என்று எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். தெரியும். கப்பலை மூழ்கவிட்டிருந்தால் உனக்கு இப்போது விலாங்கு மீன் சோறு. அதை நினைக்காத நாள் இல்லை.

அவர் போன வாரம் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் சுடச்சுடச் சோறும் சூப்பும் வைத்தேன். உட்கார்ந்தார், சாப்பிடவில்லை, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இல்ல. நான் இல்லாதப்ப வைப்பியே, அந்தத் தட்டு. ஒரு தடவை வை, பாக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படித் தெரியும் என்றால் பெட்டியிலிருந்து உன் பத்திரிகைகளை எடுத்து வைத்தார், ஓரமெல்லாம் மீன் ரத்தம்.

"கண்ணெதிர உக்காந்திருக்கற ஆளுக்கு அதை வைக்கறதா? உங்களைப் போகச் சொல்ற மாதிரி ஆயிடும். வைக்கமாட்டேன்" என்றேன்.

"சரி. எனக்கு வேண்டாம். ஊர்ல இல்லாத ஆளுக்கு வை."

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு. முள்ளங்கி வரைஞ்சுக்கிட்டு எங்கயோ நடுக்கடல்ல கெடக்கறானே, அவனுக்கு."

அதனால் நோரி, இப்போது தினமும் காலையில் உனக்குத் தட்டு வைக்கிறோம். நீ ஊருக்கு வந்தால் உட்காருவாயே, ஜன்னல் பக்கம், அந்த இடத்தில். சோற்றை அவர்தான் போடுகிறார். குவிக்காதீர்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். இந்த மனிதரோடு இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவில்லை. நான் எடுக்கக் கை நீட்டியதும், "இன்னிக்கு நான்" என்று கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். சூடு பண்ணித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஆறிப்போன சூப்பைக் கடைசிவரை குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமும் இதையா குடிச்சே" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

தினமும் அவரே குடிக்கிறார், எனக்குத் தருவதில்லை. அவருக்கு இப்போது வயசாகிறது, ஆறினது ஒத்துக்கொள்ளாது. நீ வந்து உன் இடத்தில் உட்கார்ந்து சூடாகக் குடித்தால்தான் இதை நிறுத்த முடியும். டிக்கெட் எடு.

அக்கா